அரசியல் நாடகக் குழுவுக்குப் புதுப் பிரதி அனுப்பப் போகிறீர்களா?

தமிழ்நாட்டின் அரசியல் நாடகக் குழுக்களில் பிரதி வாசிப்பதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பது அரிது. பகலெல்லாம் வங்கியிலோ பள்ளியிலோ அச்சகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலை ஏழு மணிக்கு ஒத்திகைக்கு வருகிறவர்கள்தான் வாசிக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில், கைப்பேசித் திரையில். கீழே சொல்லியிருப்பதில் பாதிக்குக் காரணம் இந்த நிலைமைதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. கருத்து சரியாக இருக்கிறது என்பதற்காக எந்தக் குழுவும் ஒரு நாடகத்தை எடுத்துப் போடாது. கருத்து அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, துண்டறிக்கையில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அந்தக் கருத்தை ஆறு பேர் நின்று செய்துகாட்டக்கூடிய ஒரு சம்பவம்தான் அவர்களுக்குத் தேவை. திரும்பி வரும் பிரதிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் விழுகின்றன.

எந்தக் குழு

இருபது குழுக்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். பெறுநர் வரிசையில் இருபது முகவரிகளும் தெரியும். தெரியாவிட்டாலும் இந்த வட்டாரம் சின்னது, பேசிக்கொள்வார்கள்.

அரசியல் நாடகம் என்ற ஒரே பெயருக்குள் ஏகப்பட்ட வேறுபாடுகள் உண்டு. 1970-களின் கடைசியில் சென்னையில் ஞாநியின் பரீக்‌ஷாவும் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் போட்டுக் கொடுத்த தடம் ஒன்று. 1984-ல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக்குழு தெருமுனையிலும் மேடையிலும் நாடகம் போட்டு வந்திருக்கிறது. அ. மங்கையின் மரப்பாச்சி பாலினக் கேள்விகளோடு இயங்குகிறது. கட்டியக்காரி தலித், திருநர் வாழ்க்கைகளை மேடைக்குக் கொண்டுவருகிறது. இவை போக, 1975-ல் தொடங்கிய தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) போன்ற அமைப்புகளின் மாவட்டக் கலைக்குழுக்கள். தொழிற்சங்கக் கூட்டத்துக்கு முன்னால் போடும் இருபது நிமிட நாடகத்தையும், அறைக்குள் எண்பது பேர் பார்க்கும் உடல்மொழி நாடகத்தையும் ஒரே குழு எடுக்காது.

ஆகவே அனுப்புவதற்கு முன் அந்தக் குழுவின் ஒரு நிகழ்வையாவது நேரில் பாருங்கள். காணொளி போதாது. நேரில் இவற்றைக் கவனியுங்கள்: எத்தனை நடிகர்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், மைக் உண்டா, தொண்டைதானா, சாமான்கள் எதில் வந்து இறங்கின. ஒரே ஆட்டோவில் ஆட்களும் பறையும் வந்து இறங்கினால், உங்கள் பிரதியில் இருக்கும் கட்டிலும் பீரோவும் அப்போதே அடிபட்டுப் போய்விட்டன.

சில குழுக்கள் வெளியார் எழுதிய பிரதியை எடுப்பதே இல்லை. பட்டறை நடத்தி, நடிகர்களே பேசிப் பேசி உருவாக்குவார்கள். அவர்களுக்கு முழுப் பிரதி அனுப்புவது வீண். இரண்டு பக்கத்தில் சம்பவத்தையும் அதற்குச் சேகரித்த தகவல்களையும் அனுப்பி, பட்டறையில் உட்கார இடம் கேளுங்கள்.

தெருவுக்கா, அரங்குக்கா

முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். ‘எங்கும் நிகழ்த்தலாம்’ என்று எழுதினால், எங்கே நிகழ்த்துவது என்று நீங்கள் யோசிக்கவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

தெரு நாடகத்துக்கு இருபதிலிருந்து நாற்பது நிமிடம். அதற்கு மேல் கூட்டம் நிற்காது. பேருந்து வந்தால் பாதிப் பேர் ஏறிவிடுவார்கள். நடுவில் வந்து சேருகிறவருக்கும் புரிய வேண்டும் என்பதால், நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்பது மறுபடி தெரியும்படி கட்ட வேண்டும். டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் 1978-ல் போட்ட ‘மெஷின்’ வெறும் 13 நிமிடம். அதற்குத் தூண்டுகோலாக இருந்த தொழிலாளர் கோரிக்கைகளைப் பாருங்கள்: சைக்கிள் நிறுத்த ஓர் இடம், டீ குடிக்க ஒரு கேன்டீன். அதைக் கேட்டதற்குத் துப்பாக்கிச் சூடு. இவ்வளவு சின்னதாகக் கேட்டதால்தான் அது தெருவில் நின்றது. உலகமயமாக்கலை முப்பது நிமிடத்தில் விளக்கப் புறப்படுகிற பிரதிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அரங்குக்கு என்றால் எழுபது, எண்பது நிமிடம் வரை போகலாம். அறிமுகமில்லாத எழுத்தாளரின் முதல் பிரதிக்கு அறுபதே போதும். இடைவேளை வேண்டாம்.

நேரத்தைப் பக்கக் கணக்கில் போடாதீர்கள். உரக்கப் படித்து, கைப்பேசியில் நேரம் பாருங்கள். தனியாக உட்கார்ந்து படித்தால் வரும் நேரத்தோடு பாட்டு, அசைவு, சிரிப்புக்கு நிற்கும் இடைவெளி எல்லாம் சேர்த்து நான்கில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 24 நிமிடம் படித்தால் 30 நிமிட நாடகம்.

பாத்திரப் பட்டியலில் பதினேழு பெயர் இருந்தாலும் தவறில்லை, அதை ஆறு பேரால் ஆட முடியும் என்று நீங்களே நிரூபித்தால். நடிகர் 1: கான்ட்ராக்டர், மருத்துவர், இரண்டாம் போலீஸ், நடிகர் 2: செல்வி, கவுன்சிலர் — இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். போடும்போதே பிழைகள் தெரியும்: மருத்துவரும் கான்ட்ராக்டரும் நான்காம் காட்சியில் எதிரெதிரே நிற்பார்கள். பட்டியல் இல்லாமல் அனுப்பினால் அந்தப் பிழையை நெறியாளர் ஒத்திகையின் முதல் வாரத்தில் கண்டுபிடிப்பார், உங்களைத் திட்டிக்கொண்டே.

உள்ளே அரசியல் எங்கே இருக்கிறது

மலக்குழி மரணத்தை எடுத்துக்கொள்வோம். அனுப்பப்படும் பிரதிகளில் அடிக்கடி காணும் வகை இது:

சமூக ஆர்வலர்: மலக்குழிக்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்! இன்னும் எத்தனை உயிர்கள் பலியாக வேண்டும்? ஆளும் வர்க்கமே, பதில் சொல்!

இந்த நடிகர் கையை உயர்த்துவதைத் தவிர வேறு என்ன செய்வார்? யாரிடம் பேசுகிறார்? ஆளும் வர்க்கம் அந்தத் தெருமுனையில் நிற்கவில்லை. நிற்பவர்கள் ஒன்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள், அல்லது பேச்சு தொடங்கியதும் நகரப் போகிறவர்கள். அதே விஷயம், வேறு மாதிரி; மலக்குழியில் இறந்தவரின் வீட்டு வாசலில்:

(கான்ட்ராக்டர் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி முடிக்கிறார். செல்வி தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.)

கான்ட்ராக்டர்: இருபதாயிரம். எண்ணிக்கம்மா.

செல்வி: நீங்கதான் எண்ணுனீங்களே அண்ணே.

கான்ட்ராக்டர்: இல்லம்மா, நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாரு. இதுல ஒரு கையெழுத்து.

செல்வி: இதுல ஒண்ணும் எழுதலையே?

கான்ட்ராக்டர்: எழுதிக்குவோம். நீ காரியத்தைப் பாரு. அப்புறம்… அந்தக் கயிறும் வாளியும் எங்கன்னு கேட்டுச் சொல்லு. அது கம்பெனி சாமான்.

சட்டம் என்ற சொல்லே வரவில்லை. ஆனால் வெற்றுத் தாள் வந்துவிட்டது. அடுத்த காட்சியில் அது நிரம்பும்: ‘அவராகவே குடித்துவிட்டு இறங்கினார்.’ நடிகர்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது: எண்ணுவது, நீட்டுவது, வாங்காமல் பார்ப்பது. செலவு ஒரு கத்தை காகிதம். எல்லாவற்றையும் விட, கான்ட்ராக்டர் மீசை முறுக்கவில்லை, உரக்கச் சிரிக்கவில்லை. ‘அம்மா’ என்கிறார். தான் உதவி செய்கிறேன் என்றே நம்புகிறார். கூட்டத்தில் நிற்பவருக்கு அப்படி ஒருவரைத் தெரியும். சிலர் அப்படியே பேசியும் இருப்பார்கள்.

எதிர்த்தரப்புக்கு நல்ல வசனம் கொடுக்கப் பலருக்கும் பயம். ‘மெஷின் வரல, அவனவன் வீட்டுல நாறுது, நான் என்ன பண்ண?’ என்று கான்ட்ராக்டர் கேட்டால் நியாயமாகப் பட்டுவிடுமோ என்று. படட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் காட்சியை உங்களால் எழுத முடியாவிட்டால், அந்த நாடகம் இன்னும் முடியவில்லை.

அடிக்கடி வரும் வேறு சில குறைகளையும் சொல்லிவிடலாம். ‘(இங்கே ஒரு எழுச்சிப் பாடல்)’ என்று அடைப்புக்குறிக்குள் விட்டுவிடுவது: பாட்டை எழுதுங்கள், மெட்டு மனதில் இருந்தால் ஒரு நிமிடம் பாடிப் பதிவு செய்து அனுப்புங்கள், குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பேச்சு வழக்கை எழுத்துக்கு எழுத்து உடைத்து எழுதுவது: நடிகர் வாய்விட்டுப் படிக்கும்போது தடுக்கும்; வினைமுற்றும் நாலைந்து வட்டாரச் சொல்லும் சரியாக இருந்தால் மற்றதை நடிகர் பார்த்துக்கொள்வார். செல்வி முதல் காட்சியில் மதுரையும் மூன்றாம் காட்சியில் வடசென்னையும் பேசுவது. கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று கையை உயர்த்தி முழக்கமிடுவது. இது தடைசெய்யப்பட்டதல்ல, ஆனால் பத்தில் எட்டுப் பிரதி இப்படித்தான் முடிகிறது என்று வாசிப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

சாதி வசைச் சொல்லைப் பயன்படுத்துவதானால், தெருவில் நடந்துபோகிறவர் காதில் அந்த ஒரு சொல் மட்டுமே விழும் என்பதை நினைத்து எழுதுங்கள். சொன்னவனுக்கு அடுத்த நொடி என்ன ஆகிறது என்பது பிரதியில் இருக்க வேண்டும். அந்தச் சொல் இல்லாமலே அவமானத்தைக் காட்ட வழியிருந்தால், தனி டம்ளர் போல, அதுவே மேல்.

தகவல் தாள்

பிரதியோடு ஒரு பக்கத் தகவல் தாள் இணையுங்கள். நாடகத்தில் வரும் ஒவ்வொரு எண்ணும் தேதியும் எங்கிருந்து எடுத்தது என்று வரிக்கு வரி. அரசியல் நாடகத்தில் ஒரு தப்பான எண் போதும், பார்வையாளர் மற்றதையும் நம்ப மாட்டார்.

மேற்படி உதாரணத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. மலக்குழி, சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-ல். 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பழைய கட்டுரையைப் பார்த்து எழுதியவர் பாட்டில் ‘பத்து லட்சம்’ என்று வைத்திருப்பார், எதுகையும் அழகாக விழுந்திருக்கும். முன்வரிசையில் நிற்கும் தூய்மைப் பணியாளர் சங்கத்துக்காரர் நாடகம் முடியும் வரை காத்திருக்க மாட்டார்.

தூத்துக்குடியில் 2018 மே 22-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி எழுதுவதானால், செய்தித்தாள் துணுக்குகளோடு நிற்காமல், 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையைப் படியுங்கள். அறிக்கையின் பக்க எண்ணைத் தகவல் தாளில் குறித்தால், குழு தைரியமாக மேடையேற்றும்.

பெயர்கள், அனுமதி, வழக்கு

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ, ஊர், பள்ளி, உறவு என்று அவரை அடையாளம் காட்டும் விவரத்தையோ பிரதியில் வைக்காதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ) அப்படி வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது, குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. பெயரை மாற்றிவிட்டு ஊர்ப் பெயரையும் தேதியையும் அப்படியே விட்டுவைப்பதுதான் வழக்கமான தவறு. உயிரோடிருக்கும் மற்றவர்கள் விஷயத்தில், தீர்ப்பிலோ ஆணைய அறிக்கையிலோ இருப்பதை அந்த அளவோடு சொல்லலாம். அதற்கு மேல் நீங்கள் கற்பனை செய்து அவர் வாயில் வைக்கும் ஒவ்வொரு வசனமும் அவதூறு வழக்குக்கு வாசல். பதவிப் பெயர் போதும் என்றால் பதவிப் பெயரோடு நிறுத்துங்கள்.

பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து முன் அனுமதி வாங்க வேண்டுமா என்று இன்னமும் கேட்கிறார்கள். அதற்கு வழிசெய்த 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ஞாநி தொடுத்த வழக்கில், அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சி 1876-ல் கொண்டுவந்த மூலச் சட்டமும் 2018-ல் நீக்கப்பட்டது. ஆனால் பொது இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வாங்கியாக வேண்டும், அதை வாங்குவது குழுவின் வேலை. அந்த விண்ணப்பத்தோடு ‘கதை என்ன?’ என்று நிலையத்தில் கேட்டால் கொடுக்கும்படியாக, உங்கள் கதைச்சுருக்கம் ஒரு பக்கத்தில், அடைமொழிகள் இல்லாமல் இருக்கட்டும்.

கோப்பு

யூனிகோடில் மட்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது கைப்பேசியில் குறிகளும் ஆங்கில எழுத்துமாகத்தான் தெரியும். பழைய கோப்பு என்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றி, மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் அங்கேதான் சிதையும்.

பிடிஎஃப் ஒன்று, வேர்டு கோப்பு ஒன்று, இரண்டும் வேண்டும். பிடிஎஃப் வாசிக்க. வேர்டு ஒத்திகையில் திருத்த. தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும். எழுத்து 13 புள்ளி, இடது ஓரம் அகலமாக, பக்க எண் கட்டாயம். பாத்திரப் பெயர் தடித்த எழுத்தில், மேடைக் குறிப்பு அடைப்புக்குறிக்குள். முதல் பக்கத்தில் தலைப்பு, உங்கள் பெயர், எண், நடிகர் எண்ணிக்கை, நிமிடம், இடம், சாமான் பட்டியல், எத்தனையாவது வரைவு, தேதி. வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

கடிதம் இவ்வளவு போதும்:

பொருள்: புதுப் பிரதி — ‘கயிறு வாளி’, வீதி நாடகம், 30 நிமிடம், 6 நடிகர்கள்

தோழருக்கு வணக்கம். ‘கயிறு வாளி’ என்ற வீதி நாடகப் பிரதியை இணைத்திருக்கிறேன். மலக்குழி மரணத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் நடக்கும் பேரம்தான் கதை. ஆறு நடிகர்கள் (குறைந்தது இரண்டு பெண்கள்), ஒரு பறை, சாமான்கள் ஒரு பையில் அடங்கும். சென்ற மாதம் உங்கள் நாடகத்தைத் தெருமுனையில் பார்த்தேன். முடிந்ததும் பார்வையாளர்களோடு நடந்த பேச்சைக் கேட்டபின் இதை உங்களுக்கு அனுப்பத் தோன்றியது. இதுவரை எங்கும் நிகழ்த்தப்படவில்லை. வேறு குழுவிடமும் இப்போது இல்லை. வாசிப்புக்கு அழைத்தால் வருகிறேன்.

நாடகத்தின் நீதி என்ன என்று கடிதத்தில் விளக்காதீர்கள். விருதுப் பட்டியலும் வேண்டாம்.

எப்போது அனுப்புவது, பிறகு என்ன

மார்ச் 8, வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி பிறந்தநாளான ஏப்ரல் 12, அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14, மே தினம், வெண்மணி நாளான டிசம்பர் 25 — இந்தத் தேதிகளுக்கு முந்தைய ஆறு வாரம் எந்தக் குழுவும் புதுப் பிரதியைத் தொடாது. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஒத்திகை பார்க்கும் குழுவுக்கு அரை மணி நாடகம் தயாராகவே ஐந்தாறு வாரம் பிடிக்கும். மே தினத்துக்கு என்றால் ஜனவரி தொடக்கத்தில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நேரமும் ஆகாது.

இரண்டு மாதம் பொறுங்கள். பிறகு ஒரு நினைவூட்டல், ஒரே ஒரு வரி. அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டு, முதல் குழுவுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

அழைப்பு வந்தால் முதலில் வாசிப்புக் கூட்டம். எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் படிப்பார்கள். நீங்கள் எதையும் வாசிக்காதீர்கள், விளக்காதீர்கள். கையில் பேனாவோடு, எங்கே தடுக்குகிறார்கள், எந்த வரியில் ஒருவர் கைப்பேசியை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் விமர்சனம் காரமாகவே இருக்கும். ‘இந்தக் காட்சியில் அந்தப் பெண் ஏன் அழுதுகொண்டே இருக்கிறாள்?’ என்று ஒரு நடிகை கேட்டால், அது உங்கள் அரசியலைப் பற்றிய கேள்வியும்கூட.

ஒப்புக்கொண்டபின் ஒரு பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். தோழர்களுக்குள் எதற்கு என்ற கூச்சம்தான் பிற்காலச் சண்டைகளுக்கு விதை. பதிப்புரிமையை விற்காமல், நிகழ்த்தும் உரிமையை மட்டும் கொடுங்கள். காலம், இடம் இரண்டையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி ஐந்தாண்டு, இந்தியா முழுக்க என்று எடுத்துக்கொள்ளப்படும். விளம்பரத்தில் பெயர் எப்படி வர வேண்டும், கட்டணக் காட்சி என்றால் எழுத்தாளருக்கு என்ன, ஒத்திகைக்கு வந்துபோகும் செலவு யாருடையது, வசனத்தை மாற்றினால் யாரிடம் கேட்க வேண்டும் என்பவற்றையும் எழுதிவிடுங்கள். தெரு நாடகத்தில் பணம் பெரும்பாலும் வராது. வராது என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பதிப்புரிமைப் பதிவு கட்டாயமல்ல. வேண்டுமென்றால் ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். வேறொருவர் சிறுகதையைத் தழுவியதென்றால், அவர் இறந்து 60 ஆண்டு ஆகியிருக்காவிட்டால், அவரிடமோ வாரிசுகளிடமோ வாங்கிய எழுத்துபூர்வ அனுமதியைப் பிரதியோடு சேர்த்தே அனுப்புங்கள்.

பத்துக் காட்சி போனபின் நாடகம் நீங்கள் எழுதியதாக இருக்காது. கான்ட்ராக்டர் சொல்லும் புது வரி ஒன்று கூட்டத்திலிருந்து வந்திருக்கும், ஒரு காட்சியே காணாமல் போயிருக்கும். ஒரு நிகழ்வைப் பதிவு செய்து, மாறியதை எல்லாம் தட்டச்சு செய்து, கோப்புப் பெயரில் தேதியோடு ‘நிகழ்த்து பிரதி’ என்று தனியே சேமியுங்கள். அடுத்த ஊரிலிருந்து வேறொரு குழு கேட்டால் அனுப்ப வேண்டியது அதுதான்.